கிருமிக்குச் சாதி இல்லை, கிருமி வரும் வழிக்கு உண்டு

கம்பம் பள்ளத்தாக்கில் நாங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பு வட்டங்களில் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணே, தீண்டாமைங்கிறது அந்தக் காலத்து சுகாதார ஏற்பாடுன்னு எங்க வாத்தியார் சொல்றாரு. செத்த மாட்டைத் தூக்குறவங்க, சாக்கடை அள்ளுறவங்க கிட்ட நோய் இருக்கும்னு தள்ளி வச்சாங்களாம். அது உண்மையா?" கொரோனா காலத்தில் இந்தப் பேச்சு இன்னும் தடித்தது. ஆறடி தள்ளி நிற்கச் சொன்னதும், "பாத்தீங்களா, எங்க முன்னோர் அன்னைக்கே சொன்னது" என்று வாட்ஸ்அப்பில் கிளம்பிவிட்டார்கள்.

கேட்கும் பிள்ளைகள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. அவர்களில் பாதிப்பேர் காலனிப் பிள்ளைகள். தன் தாத்தாவைத் தெருவுக்குள் விடாததற்கு ஏதோ ஓர் அறிவியல் காரணம் இருந்திருக்கும் என்று ஒரு பிள்ளை நம்பத் தொடங்கினால், நாளைக்குத் தன் உடம்பையே சந்தேகிக்கத் தொடங்கும். ஆகவே இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் கோபமாகப் பதில் சொல்லிவிட்டுப் போக முடியாது. பாக்டீரியா என்றால் என்ன, அது யாரை எப்படிப் பிடிக்கிறது, நம் பள்ளத்தாக்கில் அது என்ன செய்தது, செய்கிறது என்று பொறுமையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் அடிப்படை. பாக்டீரியா என்பது ஒரே ஒரு செல்லால் ஆன உயிர். நம் குடலிலும் தோலிலும் வாயிலும் கோடிகோடியாக வாழ்கிறது. பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வதில்லை. பாலைத் தயிராக்குவதும் பயறுவகைச் செடியின் வேரில் தழைச்சத்தைச் சேர்ப்பதும் பாக்டீரியாதான். சில வகைகள் மட்டுமே நோய் தருகின்றன. 1882-இல் ராபர்ட் கோக் காசநோய்க்குக் காரணமான பாக்டீரியாவைக் கண்டுபிடித்து அறிவித்தார். 1884-இல் கல்கத்தாவில் காலராக் கிருமியை ஆராய்ந்தார். அதற்கு முன்னால், நோய் கெட்ட காற்றால் வருகிறது, தெய்வக் குற்றத்தால் வருகிறது என்றெல்லாம்தான் உலகம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தது. இன்ன கிருமி, இன்ன வழியாக, இன்ன நோயைத் தரும் என்ற அறிவுக்கு ஏறக்குறைய 150 வயதுதான் ஆகிறது. தீண்டாமைக்கு வயது ஆயிரக்கணக்கில். தெரியாத ஒன்றைத் தடுக்க முன்னோர் ஏற்பாடு செய்தார்கள் என்பது கதை.

அந்தக் கதையைச் சோதித்துப் பார்க்க ஒரு நிகழ்ச்சியே போதும். 1927 மார்ச் 20 அன்று மகாத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். குளம் தீட்டுப்பட்டுவிட்டது என்று சாதி இந்துக்கள் அதைச் 'சுத்தம்' செய்தார்கள். எப்படி? 108 பானைகளில் சாணமும் மாட்டு மூத்திரமும் பாலும் தயிரும் கலந்து, மந்திரம் சொல்லி, குடிக்கிற குளத்திலேயே ஊற்றினார்கள். நுண்ணோக்கியோடு ஒருவர் கரையில் நின்றிருந்தால் எது அசுத்தம் எது சுத்தம் என்று சொல்லியிருப்பார். மனிதக் கை பட்டால் கெடும், சாணம் ஊற்றினால் சுத்தமாகும் என்பது சுகாதாரக் கணக்கில் வராது. தீட்டுக்கும் கிருமிக்கும் இதுதான் உறவு. தீட்டு பிறப்பைப் பார்க்கும். அது கழுவினால் போகாது, தலைமுறைக்கும் தொடரும். கிருமி சோப்புக்கும் கொதிநீருக்கும் குளோரினுக்கும் மருந்துக்கும் சாகும்.

இனி நம் பள்ளத்தாக்குக்கு வருவோம். இங்குள்ள பிள்ளைகளில் பலருக்குத் தெரியாத செய்தி: கம்பம் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் பிளேக் நோய்க்குப் பெயர்போன இடம். தென்னிந்தியாவில் பிளேக் விட்டுப்போகாமல் ஒட்டிக்கொண்டிருந்த இடங்களில் ஒன்றாக இது மருத்துவ ஆய்வாளர்களின் கண்ணில் பட்டது. ஜார்ஜ், வெப்ஸ்டர் என்ற இருவர் இங்கே ஆய்வு செய்து, 1934-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் 'கம்பம் பள்ளத்தாக்கில் பிளேக் விசாரணை' என்ற பொருளில் கட்டுரை வெளியிட்டார்கள். முல்லைப் பெரியாறும் திராட்சையும் பென்னிகுயிக்கும் பற்றி நம் பாடசாலை விழாக்களில் பேசுகிறார்கள். இதைப் பேசுவதில்லை.

பிளேக்கைத் தரும் பாக்டீரியாவின் பெயர் யெர்சினியா பெஸ்டிஸ். 1894-இல் ஹாங்காங்கில் அலெக்சாந்தர் யெர்சின் அதைக் கண்டுபிடித்தார். 1898-இல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் அது எலியின் மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சியால் பரவுகிறது என்று காட்டினார். பல ஆண்டுகள் அவரை யாரும் நம்பவில்லை. கிருமி தெள்ளுப்பூச்சியின் வயிற்றுக்குள் பெருகி வழியை அடைத்துக்கொள்கிறது. குடித்த இரத்தம் உள்ளே போகாமல் பூச்சி பசியோடு மறுபடி மறுபடி கடிக்கிறது. ஒவ்வொரு கடியிலும் கிருமியைக் கக்குகிறது. எலி செத்து உடம்பு குளிர்ந்ததும் அது அடுத்த சூடான உடம்பைத் தேடித் தாவுகிறது. அந்த உடம்பு பெரும்பாலும் தரையில் படுத்திருக்கும் மனிதருடையது. தானியம் போகும் இடமெல்லாம் எலி போகும், எலி போகும் இடமெல்லாம் தெள்ளு போகும். 1896-இல் பம்பாயில் முதலில் பிளேக் தெரிந்ததும் துறைமுகத்தையொட்டித் தானியக் கிடங்குகள் நிறைந்த மாண்ட்வி பகுதியில்தான். நெல்லும் பயறும் சந்தையும் வண்டிப்பாதையுமாக இருந்த நம் பள்ளத்தாக்கு எலிக்கு எவ்வளவு வசதி என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

உத்தமபாளையம் பக்கத்தில் ஒரு காலனியில் தொண்ணூறைத் தொட்ட ஓர் அப்பத்தாவிடம் இதைப் பற்றிக் கேட்டோம். "பிளேக்கு வருசம்னு எங்க ஆத்தா சொல்லும்யா. மோட்டுல இருந்து எலி பொத்துன்னு விழுந்தா ஊர்க்காரவுக வீட்டைப் பூட்டிட்டுத் தோப்புக்குள்ள குடிசை போட்டுப் போயிருவாகளாம். செத்த எலிய அள்ளிப் போட, பொணத்தைத் தூக்க எங்க அய்யாவத்தான் கூப்பிடுவாக. எங்களுக்கு ஏது தோப்பு? இருக்குற எடத்துலயேதான் கெடந்தோம்" என்றார்.

அப்பத்தாவின் பேச்சில் நோய்ப்பரவலின் பாடம் முழுக்க இருக்கிறது. பாக்டீரியாவுக்கு அவர் அய்யாவின் சாதி தெரியாது. ஆனால் செத்த எலியை யார் கையால் அள்ளுவது, யார் ஓடிப்போகத் தோப்பு வைத்திருப்பது என்பதைச் சாதி முடிவு செய்தது. 'அவர்களிடம் நோய் இருந்தது, அதனால் தள்ளி வைத்தோம்' என்பது வரிசையைத் தலைகீழாகப் புரட்டும் பேச்சு. தள்ளி வைத்தார்கள், ஆபத்தான வேலையைத் தலையில் கட்டினார்கள், அதனால் நோய் வந்தது. பிறகு நோயைக் காட்டியே தள்ளிவைப்புக்கு நியாயம் சொன்னார்கள்.

பம்பாயில் பிளேக் வந்தபோது ஊர் ஊராக மக்கள் ஓடினார்கள். துப்புரவுத் தொழிலாளர்களும் போய்விட்டால் நகரமே வாழ முடியாத இடமாகிவிடும் என்று மாநகராட்சி நடுங்கியது. தொடக்கூடாத மக்கள் என்று சொன்ன அதே நகரத்தால் அவர்கள் இல்லாமல் ஒரு வாரம்கூட ஓட்ட முடியாது என்பது அன்று அதிகாரிகளுக்கே தெரிந்தது. 1897-இல் வந்த தொற்றுநோய்ச் சட்டம் வீடு புகுந்து சோதிக்கவும் ஆட்களைப் பிரித்து அடைக்கவும் அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. அதே சட்டத்தைத்தான் 2020-லும் தூசி தட்டி எடுத்தார்கள். அந்த 1897-இல் இன்னொன்றும் நடந்தது. புனே அருகே சாவித்ரிபாய் புலே தன் மகன் மருத்துவர் யஷ்வந்துடன் பிளேக் நோயாளிகளுக்குச் சிகிச்சை இடம் நடத்தினார். முண்ட்வா ஊருக்கு வெளியே மகர் குடியிருப்பில் ஒரு சிறுவனுக்குப் பிளேக் என்று கேட்டு, அவனைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். பையன் பிழைத்தான். சாவித்ரிபாய்க்கு நோய் தொற்றி மார்ச் 10 அன்று இறந்தார். கிருமியின் ஆபத்தை அறிந்தே தொட்ட கை அது. நோய்க்கு அஞ்சித்தான் நம்மைத் தொடவில்லை என்று சொல்கிறவர்கள் முன் இந்த ஒரு வாழ்க்கையை வைத்தால் போதும்.

இது பழைய கதை, இப்போது பிளேக் இல்லையே என்று கேட்பீர்கள். சரி, எலி போய்விட்டதா? இன்று நம் வயல்களில் எலி வழியாக வருவது வேறொரு பாக்டீரியா. லெப்டோஸ்பைரா என்று பெயர், திருகாணி போல் முறுக்கிய உருவம். அது தரும் நோயை எலிக்காய்ச்சல் என்கிறோம். எலியின் சிறுநீரகத்தில் எலிக்கு ஒன்றும் ஆகாமல் அது வாழ்கிறது. எலி சிறுநீர் கழிக்கும்போது வெளியே வந்து, ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் பல நாள் உயிரோடு இருக்கிறது. தோலில் கீறலோ புண்ணோ இருந்தால் அதன் வழியே உடம்புக்குள் போகிறது. 1915-இல் ஜப்பானில் இனாடா என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் சுரங்கத் தொழிலாளர்களைத் தாக்கிய நோயில் இதைக் கண்டறிந்தார்கள். ஈரத்தில் நின்று வேலை செய்யும் உழைப்பாளியின் நோய் என்று தொடக்கத்திலிருந்தே அதற்கு அடையாளம்.

நம் பள்ளத்தாக்கில் லோயர்கேம்ப் தொடங்கிக் கீழே வரும் இருபோக நெல்வயல்களில் நாற்று நடும் பெண்களைப் பாருங்கள். காலையில் தொழியில் இறங்கினால் வெயில் சாயும் வரை முழங்கால் சேறு. விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். இரவு மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவிக்கொண்டு, காலையில் அதே புண்ணோடு மறுபடி இறங்குகிறார்கள். கிருமிக்கு இதைவிட அகலமான வாசல் வேண்டுமா? வயலுக்குச் சொந்தக்காரர் வரப்பில் நிற்கிறார். சேற்றில் நிற்பவருக்கும் வரப்பில் நிற்பவருக்கும் இடையே இருப்பது நாலடி தூரம். அந்த நாலடிதான் நம் ஊரில் நிலமும் சாதியும். பாக்டீரியா அந்த நாலடியைத் தாண்டி வரப்பில் ஏறுவது அரிது.

எலிக்காய்ச்சலின் அறிகுறியை எல்லாத் தோழர்களும் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். கடுங்காய்ச்சல், தலைவலி, கண் சிவப்பு, முக்கியமாகக் கெண்டைக்கால் சதையைத் தொட்டாலே வலி. கிருமி உள்ளே போய்ப் பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரத்தில் தெரியும். தொடக்கத்திலேயே பிடித்தால் டாக்ஸிசைக்ளின், பென்சிலின் போன்ற மலிவான மருந்துகளிலேயே குணமாகும். விட்டுவிட்டால் மஞ்சள்காமாலை, சிறுநீரகச் செயலிழப்பு, நுரையீரலில் இரத்தக்கசிவு என்று போய் உயிரையே எடுக்கும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், ஈரத்திலும் சாக்கடையிலும் வேலை செய்பவர்களுக்கு மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை டாக்ஸிசைக்ளின் மாத்திரையைச் சுகாதாரத் துறையே தடுப்பு மருந்தாகக் கொடுக்கிறது. 2018 பெருவெள்ளத்தின்போது பெரிய அளவில் கொடுத்தார்கள். (கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அந்த மாத்திரை பொதுவாக ஆகாது. மருத்துவர் சொல்லாமல் யாரும் வாங்கிப் போடக்கூடாது.) ஒரே மழை, ஒரே மலை. கம்பம்மெட்டுக்கு அந்தப் பக்கம் கிடைக்கிற கவனத்தை இந்தப் பக்கமும் கேட்பது நம் உரிமை.

இரண்டாவது காய்ச்சல், மலையில் வருவது. விடியுமுன் கம்பம், கோம்பை, போடி பக்கத்துக் காலனிகளிலிருந்து பெண்கள் ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்ட வேலைக்கு இடுக்கி மலைக்குப் போகிறார்கள். புதரும் புல்லும் நிறைந்த இடத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு சிறு பூச்சி கடித்தால் ஸ்க்ரப் டைபஸ் வரலாம். பத்திரிகைகளில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகிறார்கள். அதன் கிருமி ஒரியன்சியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியா. கடித்த இடத்தில் பீடியால் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு வரும். பெரும்பாலும் அக்குளில், இடுப்பில், மார்புக்கடியில், தொடையிடுக்கில், அதாவது மறைவான இடத்தில். வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளிக்கே தெரியாது. மருத்துவர் தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

இங்கேதான் எங்கள் மனசை அறுத்த ஒன்று நடந்தது. எங்கள் தெருவில் ஒரு மதினிக்கு எட்டு நாள் காய்ச்சல். டவுனில் ஒரு தனியார் மருத்துவரிடம் மூன்று முறை கூட்டிப் போனோம். மூன்று முறையும் அவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே "எந்தத் தெரு?" என்று கேட்டார், நாக்கை நீட்டச் சொன்னார், சீட்டு எழுதினார். நர்சம்மா ஊசி போட்டார். மதினி மேல் அவர் விரல்கூடப் படவில்லை. ஒன்பதாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கியதும் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே பணியில் இருந்த பயிற்சி மருத்துவர் ஒரு சின்னப் பெண். "ஏலக்காட்டு வேலைக்குப் போவீங்களாம்மா?" என்று கேட்டுக்கொண்டே திரையை இழுத்துவிட்டு, கையைத் தூக்கி அக்குளைப் பார்த்தார். அங்கே இருந்தது அந்தக் கறுப்புப் பொருக்கு. மருந்து மாற்றினார்கள். மூன்றாம் நாள் மதினி கஞ்சி கேட்டார்.

இந்தக் கிருமி மனித செல்லுக்குள் புகுந்து வாழ்வது. பென்சிலின் வகை ஊசிகள் அதன்மேல் வேலை செய்யாது. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் வேலை செய்யும். ஆகவே தொட்டுப் பார்க்காத மருத்துவம் இந்த நோயில் பாதி மருத்துவம்கூட இல்லை. அந்தத் தனியார் மருத்துவர் சாதி பார்த்துத்தான் தொடவில்லையா, கூட்டத்தைச் சீக்கிரம் முடிக்கத்தான் தொடவில்லையா என்று அவர் மனசுக்குள் புகுந்து நாங்கள் பார்க்கவில்லை. ஆனால் காய்ச்சலுக்கு வந்தவரிடம் "எந்தத் தெரு?" என்று கேட்டவர், "என்ன வேலை?" என்று கேட்கவில்லை. நோயைக் கண்டுபிடிக்க உதவும் கேள்வி இரண்டாவதுதான். மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகள் இதை மனசில் எழுதிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது மரணம். சாக்கடை அள்ளும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர், அருந்ததியர் தெருக்காரர், நாற்பதைத் தாண்டாதவர். மழைக்காலத்தில் கையுறையும் கம்பூட்ஸும் இல்லாமல் அடைப்பு எடுத்தார். காய்ச்சல் வந்து கண் மஞ்சளானது. "குடிகாரனுக்கு வர்ற காமாலை" என்று சுற்றியிருந்தவர்களே முடிவு கட்டினார்கள். எலிக்காய்ச்சலுக்கான இரத்தப் பரிசோதனை கடைசி வரை எடுக்கப்படவில்லை. என்ன கிருமி என்று தெரியாமலே அவரை அடக்கம் செய்தோம். அது எலிக்காய்ச்சல்தான் என்று நாங்கள் அடித்துச் சொல்ல முடியாது; சொல்ல முடியாதபடி செய்ததுதான் அநீதி. பரிசோதனை இல்லை என்றால் நோய்க்குப் பெயர் இல்லை. பெயர் இல்லை என்றால் அது வேலையால் வந்த நோய் என்று நிரூபிக்க வழி இல்லை. அவர் மனைவிக்குக் கிடைத்தது மாலையும் ஈமச்செலவுக்குக் கொஞ்சம் பணமும்.

சட்டம் இருக்கிறது தோழர்களே. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, தொற்று அபாயம் அதிகமுள்ள வேலையில் வரும் தொற்றுநோயைத் தொழில்நோயாக ஏற்றிருந்தது. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டம் பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்குவதைக் குற்றமாக்குகிறது. சாக்கடைக் குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. ஆனால் இது குழிக்குள் விஷவாயுவில் உடனே இறப்பவருக்குத்தான் எளிதில் பொருந்துகிறது. குழியிலிருந்து ஏறி வந்து, பத்து நாள் கழித்துக் கிருமியால் சாகிறவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அவரைக் கணக்கில் கொண்டுவரும் முதல் ஆவணம் ஒரு இரத்தப் பரிசோதனைச் சீட்டு.

தண்ணீரையும் விட்டுவிட முடியாது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்தது தெரியவந்தது. முதலில் குழந்தைகள்தான் நோயில் விழுந்தார்கள். அதற்குப் பிறகே தொட்டிக்குள் பார்த்தார்கள். யார் செய்தது என்ற வழக்கின் சச்சரவு ஒரு பக்கம் இருக்கட்டும். மலம் கலந்த நீரில் டைபாய்டும் காலராவும் வயிற்றுக்கடுப்பும் தரும் கிருமிகள் பயணம் செய்யும். நம் தொட்டியை யார் திறக்கிறார்கள், யார் மூடுகிறார்கள், எப்போது குளோரின் போடுகிறார்கள் என்பதை நாமே கண்காணிக்க வேண்டும் என்பதுதான் வேங்கைவயலிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட பாடம். நம் பள்ளத்தாக்கிலும் ஊர்க்குழாய் முடியும் இடத்தில்தான் காலனிக்குழாய் தொடங்குகிறது. பல இடத்தில் அது சாக்கடையை உரசிக்கொண்டே போகிறது.

ஆகவே இந்தப் பருவத்தில் நாங்கள் எடுத்துக்கொண்டிருக்கும் வேலைகளைச் சொல்கிறோம். முடிந்தவர்கள் வந்து சேருங்கள்.

ஒன்று, நடவுக்கும் ஏலக்காட்டுக்கும் போகும் பெண்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டுச்சீட்டு கொடுக்கிறோம். 'நான் வயல் சேற்றில் / ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறேன். எனக்கு எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ் இருக்கிறதா என்று பாருங்கள். உடம்பில் கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று தேடுங்கள்' என்று அதில் எழுதியிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அதை மருத்துவர் மேசையில் வைக்கலாம்.

இரண்டு, மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் மெடிக்கல் கடை ஊசியோடு நிற்காமல் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போக, தெருவுக்கு இரண்டு இளைஞர்கள் பொறுப்பு. பரிசோதனைச் சீட்டின் நகலை வாங்கி வைப்பதும் அவர்கள் வேலை.

மூன்று, மழைக்காலத் தடுப்பு மாத்திரை, கையுறை, கம்பூட்ஸ், குளோரின் பதிவேடு இவற்றைக் கேட்டு ஒவ்வொரு கிராமசபைக் கூட்டத்திலும் மனு. பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம்.

நான்கு, அறிவியல் படிக்கும் மாணவர்கள் தங்கள் கல்லூரி நுண்ணோக்கியைக் கேட்டுவாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது காலனிக்குக் கொண்டு வாருங்கள். ஒரு சொட்டுச் சாக்கடை நீரையும் ஒரு சொட்டுக் குழாய் நீரையும் அப்பத்தாக்களும் பிள்ளைகளும் கண்ணால் பார்க்கட்டும். போன மாதம் ஒரு தெருவில் இதைச் செய்தோம். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஊர்க்காரங்க வீட்டுத் தண்ணியிலயும் இது இருக்குமா?" என்று கேட்டாள். இருக்கும் என்றோம். "அப்ப ரெண்டையும் பாக்கணும்" என்றாள். அடுத்த ஞாயிறு இரண்டு குழாயிலிருந்தும் தண்ணீர் பிடித்து வைக்கிறோம். வருகிறவர்கள் காலை பத்து மணிக்கு வாருங்கள்.